ரிங்கா ரிங்கா ரோஸஸ் பிளேக் பாட்டா?

அன்புள்ள ஐயா,

எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் ‘ரிங்கா ரிங்கா ரோஸஸ்’ பாடிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறாள். அது லண்டனில் பிளேக்கில் செத்தவர்களைப் பற்றிய பாட்டு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ரோஜா வளையம் என்பது உடம்பில் வரும் தடிப்பாம், பூங்கொத்து நோய் அண்டாமல் இருக்க வைத்துக்கொண்டதாம், அப்புறம் தும்மல், சாவு. இப்போது அவள் பாடி முடித்துத் தொப்பென்று விழும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பாடாதே என்று சொல்லிவிடலாமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பாடட்டும், தடுக்காதீர்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது.

லண்டனில் பெரிய பிளேக் வந்தது 1665-இல். நோய் கண்ட வீடுகளின் கதவில் சிவப்புச் சிலுவை போட்டிருந்ததைக்கூட அப்போது லண்டனில் வாழ்ந்த அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இங்கிலாந்தில் இது அச்சேறியது 1881-இல், கேட் கிரீனவே படம் வரைந்த தொகுப்பில். நடுவில் 200 வருஷத்துக்கு மேல் இடைவெளி. பிளேக் விளக்கம் பரவியதோ இரண்டாம் உலகப் போருக்கும் பிறகு.

சரி, அந்தத் தும்மல்? பிளேக்குக்கு அடையாளம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுவதுதான், தும்மல் அல்ல. கிரீனவே புத்தகத்திலும் தும்மல் கிடையாது. ‘ஹஷ், ஹஷ்’ என்றுதான் இருக்கிறது. ஜெர்மன் பிள்ளைகள் பாடும் வட்டப்பாட்டும் ‘ஹுஷ், ஹுஷ், ஹுஷ்’ என்றே முடிகிறது. உங்கள் மகளும் ‘ஹஷா புஷா’ என்றுதானே பாடுவாள்?

எனக்குப் பிடித்தது அமெரிக்க வடிவம். மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் 1790 வாக்கில் பாடியதென்று நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த வில்லியம் வெல்ஸ் நியூவெல் 1883-இல் பதிவு செய்தார். அதில் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் குட்டி ஜோசிக்காக வட்டம் போடுகிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. பிளேக் கதைமேல் எனக்குக் கோபமே உண்டு. இந்த ஜோசியை யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டது அது.

விளையாடும் விதத்தையும் நியூவெல் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளை நடுவில் ரோஜாச் செடியாக நிற்கும். மற்றவர்கள் கைகோத்துச் சுற்றிவந்து, பாட்டு முடிந்ததும் சட்டென்று குனிய வேண்டும். கடைசியாகக் குனிந்தவர்தான் அடுத்த ரோஜாச் செடி. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் அவளையே நடுவில் நிறுத்துங்கள்.