பெட்டிச் சாப்பாடா, வாராந்திரக் கூட்டமா? புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வந்த எட்டு மாதங்களில் ஒன்பது கிலோ எடை ஏறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடன் வேலை செய்பவர்களில் ஒருவர் சந்தா கட்டிச் சேரும் எடைக்குறைப்புத் திட்டத்தையும், இன்னொருவர் வீட்டுக்கே வந்து சேரும் டயட் சாப்பாட்டுப் பெட்டிகளையும் பரிந்துரைக்கிறார்கள், தனியாக இருக்கும் எனக்கு எது பொருந்தும் என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியோடு இருந்தவள். இரண்டையும் பணம் கொடுத்துப் பார்த்தவள். ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் மனிதர்களோடு பேச வாய்ப்புள்ள ஒரு திட்டத்தில் சேருங்கள். பெட்டிச் சாப்பாட்டை வேலை நாள்களில், ஒரு வேளைக்கு மட்டும், மூன்று மாதம் என்று கெடு வைத்துக்கொண்டு துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு எடை ஏறுவது மன உறுதி இல்லாததால் அல்ல. நடந்து போன தூரங்களை வண்டியில் போகிறோம். ஒரு தட்டு என்பதன் அளவே மாறிவிடுகிறது. "போதும், எழுந்திரு" என்று சொல்லவோ, உடன் உட்கார்ந்து சாப்பிடவோ வீட்டில் ஆளில்லை. இரவு வேலை முடிந்து வந்து திரையைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரிவதில்லை. இந்தத் தனிமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பெட்டிச் சாப்பாட்டின் பலம் எளிமையானது. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 250 முதல் 400 கலோரிதான் இருக்கும். அளவை வேறொருவர் தீர்மானித்துவிட்டதால் நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. களைத்துப் போய் வீடு திரும்புகிறவருக்கு இது உண்மையான உதவி. நானும் முதலில் இதைத்தான் எடுத்தேன். நாலரை மாதம் மூன்று வேளையும் பெட்டியைப் பிரித்தே சாப்பிட்டதில் எட்டு கிலோ குறைந்தது. ஆனால் பெட்டிகளை நிறுத்திய வாரத்தில் அடுப்பின் முன் நின்றபோது, என் தட்டில் எவ்வளவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதங்களில் அந்த முடிவை ஒருநாள்கூட நான் எடுத்திருக்கவில்லை. அடுத்த ஓராண்டுக்குள் எட்டுக் கிலோவும் திரும்பி வந்தது. எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிடுகிறது, பசியோ கூடுகிறது. பழக்கமும் மாறியிருக்காவிட்டால் இழந்த எடை மீள்வது இயல்பு என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன்.

பிறகுதான் வாராந்திரக் கூட்டம் உள்ள ஒரு திட்டத்தில் சேர்ந்தேன். இந்தக் கூட்ட முறைக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி 1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், தன்னைப் போலவே எடையோடு போராடிய தோழியரை வாரந்தோறும் வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். அதுவே 1963இல் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமாயிற்று. ஒவ்வொரு உணவுக்கும் மதிப்பெண் போடும் பாயிண்ட் கணக்கும், கைபேசிச் செயலியும் எல்லாம் பிற்பாடு வந்தவை. எடைபோட்டுக்கொண்டு, கடந்த வாரம் எங்கே தடுமாறினோம் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் நான் போகாதபோது, உடம்புக்கு முடியவில்லையா என்று தொலைபேசியில் விசாரித்தவரும் அந்தக் கூட்டத்து மூதாட்டிதான். இந்த ஊரில் எனக்காக ஒருவர் கவலைப்பட்டது அதுவே முதல் முறை. இதை எடைக்குத் தொடர்பில்லாத செய்தி என்று நினைத்துவிடாதீர்கள்; நான் அந்தத் திட்டத்தில் நிலைத்ததற்கு அவரே காரணம்.

ஒருவரின் அனுபவம் போதாது என்பீர்கள், சரிதான். லான்செட் என்ற மருத்துவ இதழில் 2011இல் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 772 பேர் பங்கேற்றனர். ஓராண்டு முடிவில் வெயிட் வாட்சர்ஸ் திட்டத்தில் சேர்ந்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ 5 கிலோவும், மருத்துவரின் வழக்கமான அறிவுரையை மட்டும் பெற்றவர்கள் 2.25 கிலோவும் இழந்திருந்தார்கள். உணவுப் பெட்டிகளையும் தனிப்பட்ட ஆலோசனையையும் சேர்த்தே தந்த ஜென்னி கிரெய்க் திட்டத்தை 442 பெண்களிடம் ஆராய்ந்த கட்டுரை 2010இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. இரண்டாண்டு முடிவில், மையத்துக்கு நேரில் சென்று ஆலோசனை பெற்றவர்கள் 7.4 கிலோவும், தொலைபேசி வழியே பெற்றவர்கள் 6.2 கிலோவும், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்கள் 2 கிலோவும் குறைந்திருந்தனர். பெட்டிகளுக்குச் சாதகமான முடிவுதான். ஆனால் அந்தப் பெண்களுக்கு உணவும் ஆலோசனையும் இலவசமாக வழங்கப்பட்டன, ஆய்வுக்கு நிதி தந்ததும் அதே நிறுவனம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் சொந்தப் பணம் கட்டுகிறவர் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிப்பாரா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, பெட்டியோடு ஒவ்வொரு வாரமும் ஒரு மனிதர் பேசினார் என்பதே. உங்கள் நண்பர் வாங்கும் பெட்டிகளோடு யாராவது பேசுகிறார்களா என்று அவரிடம் கேளுங்கள்.

விளம்பரத்தில் வரும் இருபது, முப்பது கிலோ கதைகளையும் இந்தச் சராசரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து மனம் சோர வேண்டாம். நீரிழிவு வரும் ஆபத்து உள்ள 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்துச் செயல்பட்ட குழுவில், நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரை கிலோ சொச்சம்தான். நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்: ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ., உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23 ஆகும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. 1.70 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 66 கிலோ. இங்குள்ள பொதுவான அட்டவணை 25 வரை சரி என்று சொல்வதை நம்பி நீங்கள் இருந்துவிட வேண்டாம்.

பெட்டி வாங்கும்போது கலோரியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். உப்பில் உள்ள சோடியத்தைப் பாருங்கள்; நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு பெட்டியிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நான் அதை எடுப்பதில்லை. புரதமும் நார்ச்சத்தும் குறைவாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். அந்தப் பசிக்கு நொறுக்குத் தீனியை எடுத்துவிட்டால் பெட்டி வாங்கியதன் பயனே போய்விடும். பெட்டியோடு வேகவைத்த காய்கறியை ஒரு கிண்ணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதல் மாதம் பாதி விலை என்பார்கள். அதன் கீழே, குறைந்தது இத்தனை மாதம் வாங்க வேண்டும், இடையில் நிறுத்தினால் கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். நான் நிறுத்தச் சொன்ன பிறகும் என் அட்டையிலிருந்து இரண்டு மாதம் பணம் எடுத்தார்கள். நிறுத்தியதற்கு எழுத்துச் சான்று என்னிடம் இல்லாததால் அந்தப் பணம் திரும்பவே இல்லை. ஆகவே நிறுத்துவது எப்படி என்பதைச் சேரும் முன்பே படித்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலைச் சேமித்து வையுங்கள். ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டவும் வேண்டாம். 1983இல் மெல்போர்னில் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த ஜென்னி கிரெய்க்கே 2023 மே மாதத்தில் தன் மையங்களை மூடியது. வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாதத்தில் கடன் சுமையால் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பெயர் பெரிது என்பதற்காக முன்பணம் பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ண முடியாது.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது மருத்துவரிடம் பேச வேண்டியது. திட்டத்தை விற்பவரிடம் பேச வேண்டியது அல்ல.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு முறை மருத்துவரைப் பார்த்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் உணவைத் திடீரென்று குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரும். நாளுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுத் திட்டம் எதுவானாலும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தொடக் கூடாது; மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகக்கூடும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பதே பொறுப்பான வேகம்.

சில திட்டங்கள் முதல் கூட்டத்தைப் பணம் கட்டாமலே பார்க்க விடுகின்றன. வீட்டுக்கு அருகில் இரண்டு இடங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். எடை ஏறிவிட்டதாகச் சொல்பவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டு, அதன் பிறகு அட்டையை எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா