ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்: கேள்வி பதில்

திங்கள்சந்தைப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். முன்பக்க மேஜையில் பிரின்டர், பின்பக்கம் மோட்டார், கிரைண்டர், தையல் மெஷின். வந்த கேள்விகளில் பாதி "எந்த பார்ட் வாங்கணும் அண்ணே?" என்றுதான் இருக்கிறது. பார்ட் அப்புறம் வாங்கலாம். மெஷின் என்ன செய்கிறது, எந்த இடத்தில் வந்து நிற்கிறது, அதை முதலில் பாருங்கள்.

மார்த்தாண்டம், ஜெராக்ஸ் கடை: அண்ணே, 12ஏ கார்ட்ரிட்ஜ் போடுகிற பழைய லேசர் பிரின்டர். பேப்பரில் கறுப்புப் புள்ளி வரிசையாக வருகிறது. டோனர் பொடி மாற்றி நிரப்பியும் போகவில்லை. ஃபியூசர், அதாவது பொடியைச் சூட்டில் பேப்பரோடு ஒட்டவைக்கும் பகுதி, போயிற்று என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்கேல் இருக்கிறதா தம்பி? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த கார்ட்ரிட்ஜில் இருக்கும் பச்சையோ நீலமோ நிற டிரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். புள்ளி ஏழரைக்கு ஒருமுறை வந்தால் டிரம்மில் கீறலோ ஒட்டலோ இருக்கிறது. நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 3.8 போல வந்தால் டிரம்மை ஒட்டி ஓடும் சின்ன ரப்பர் ரோலர், அதாவது சார்ஜ் ரோலர். இரண்டுமே கார்ட்ரிட்ஜுக்குள்தான் இருக்கிறது, ஃபியூசருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியும் ஃபியூசர் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரு பக்கம் பிரின்ட் கொடுத்து, பேப்பர் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்துவிடுங்கள். மெஷின் அப்படியே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு, ஃபியூசருக்குள் இன்னும் போகாத பகுதியைப் பாருங்கள். பொடி வெறுமனே உட்கார்ந்திருக்கும், கை பட்டால் அழிந்துவிடும். அங்கேயே புள்ளி இருந்தால் குற்றம் ஃபியூசருக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. அங்கே சுத்தமாக இருந்து வெளியே வந்த பகுதியில் மட்டும் அழுக்கு என்றால்தான் ஃபியூசர். அது 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகும் சாமான், ஆஃப் பண்ணி அரை மணி நேரம் ஆகாமல் கை வைக்காதீர்கள். டோனர் கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் ஊற்றினால் பொடி இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அந்தப் பொடி அதன் பையைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும்.

நாகர்கோவில், வீட்டில் டியூஷன்: இங்க் டேங்க் பிரின்டர். ஒரு மாதம் சும்மா இருந்தது, இப்போது நீலமே வரவில்லை. இங்க் தெளிக்கும் ஹெட்டுக்கு எட்டு தடவை ஹெட் கிளீனிங் கொடுத்துவிட்டேன்.

எட்டு தடவையா! அத்தனை இங்க்கும் எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? மெஷினுக்கு அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது, எல்லாம் அதில்தான். அது நிறைந்துவிட்டது என்று ஒருநாள் பிரின்டர் வேலை நிறுத்தம் செய்யும், அப்போது அது தனிச் செலவு. இரண்டு தடவை கிளீனிங், ஒரு நாசில் செக், அதாவது இங்க் துளைகள் எல்லாம் அடிக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம். சரியாகவில்லையா, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு காலையில் பாருங்கள். பல தடவை ஊறித் தானாகவே திறந்துகொள்ளும். டேங்கிலிருந்து போகும் டியூபில் காற்றுக்குமிழி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், பிரின்டரைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைக்கிறீர்களா? இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பிரின்டரின் சொந்த பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் அதன் மூடிமேல் உட்காரும். நடுவழியில் கரண்டைப் பிடுங்கினால் ஹெட் திறந்தபடியே நின்று இங்க் காய்ந்துவிடும். வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் போதும், இந்தக் கேள்வியே வராது.

கருங்கல்: பேப்பர் ஜாம், பேப்பர் ஜாம் என்கிறது. உள்ளே பேப்பரே இல்லை.

டார்ச் அடித்துப் பாருங்கள். பேப்பர் போகும் பாதையில் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும், விரலால் தள்ளினால் படக்கென்று திரும்பி வர வேண்டும். அது பாதியில் சிக்கி நின்றால் பேப்பர் இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். பெரும்பாலும் நகக்கண் அளவு கிழிசல்தான். ஒருமுறை நான் எடுத்தது பல்லி முட்டை.

நிஜமாகவே ஜாம் ஆகிறவர்களுக்கு: நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பிரித்த பேப்பர் கட்டு ஈரத்தை இழுத்து ஓரம் வளைந்துவிடும். ட்ரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மீதியை பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். ரோலர் வழுக்கினால் ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

தக்கலை, மர வேலை: அண்ணாச்சி, ஒரு எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். போட்டால் உம்ம்ம் என்கிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, காயில், எரிந்துவிட்டதா?

எரிந்த வாடை வந்ததா? இல்லையென்றால் காயில் கட்ட ஓடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். தாராளமாகச் சுற்றியும் கரண்ட் கொடுத்தால் உம் என்று நின்றால், பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் டப்பா, கெப்பாசிட்டர். அது உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள். தொடும் முன் பழைய குண்டு பல்பு ஒன்றின் இரண்டு வயரையும் கெப்பாசிட்டரின் முனைகளில் வைத்து சார்ஜை இறக்குங்கள், கரண்ட் போன பிறகும் அது அடிக்கும். புதியதில் மைக்ரோஃபாரட் எண் பழையதில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம். "பெரிசா போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள், காயில் சூடாகிச் சாகும்.

சாயங்காலம் மட்டும் இந்தக் கூத்து என்றால் மோட்டாரை விட்டுவிட்டு வோல்டேஜை அளந்து பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டார் என்ன செய்யும், பாவம்.

முட்டம், வெல்டிங் பட்டறை: கிரைண்டரில் தீப்பொறி பறக்கிறது.

கார்பன் பிரஷைக் கழற்றிப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புது பிரஷ் போட்டும் செப்பு வளையத்தைச் சுற்றி நெருப்பு ஓடினால் உள்ளே சுற்றும் பகுதி, ஆர்மேச்சர், போயிற்று. விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் கரையில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. சாமான்களை வைக்கும் மர அலமாரியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது பழைய வழக்கம், அந்தச் சின்ன சூடு ஈரத்தை அண்ட விடாது. துணியோ பேப்பரோ பல்பில் படாமல் இருக்கட்டும். கம்ப்ரஸர் இருந்தால் தினமும் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லையென்றால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இன்வெர்ட்டர் வெல்டிங் செட்டை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

குலசேகரம், ரப்பர் தோட்டம்: ரோலரில் ஷீட் ஒரு ஓரம் தடிப்பாக வருகிறது.

இரண்டு பக்க ஸ்க்ரூவும் ஒரே அளவில் இல்லை. பழைய அட்டையில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டி, ரோலர்களுக்கு நடுவே இரண்டு முனையிலும் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்று லேசாக வந்து மற்றது இறுக்கினால் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்தும் கோணினால் ரோலர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பாலை உறைய வைக்கும் ஆசிட் இரும்பைச் சும்மா விடாது.

வடசேரி, தையல் கடை: அண்ணா, துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறது. கீழ் நூல் உருளை வைக்கும் பாபின் கேஸ் இரண்டு மாற்றிவிட்டேன்.

கீழே கொத்தினால் குற்றம் மேலே அக்கா. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. துணியை அழுத்தும் காலைத் தூக்கிய நிலையில் நூலை முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள், அப்போதுதான் தட்டு விரியும். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். பழைய பாபின் கேஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

குளச்சல்: பிரின்டரைக் கழற்றி மூடிவிட்டேன் அண்ணே. ஓடுகிறது. ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

நீளமானதா, குட்டையானதா? நீளமானது குட்டைக்குரிய ஓட்டையில் போயிருந்தால் உள்ளே போர்டைக் குத்தும். அடுத்த தடவை ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடுத்து, ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் கழற்றிய வரிசையிலேயே போட்டு வையுங்கள். இந்தத் தடவை வேறு வழியில்லை மக்கா, திரும்பத் திற.