தொண்டிக் கடற்கரையில் லாப்ரடார்: என்ன நோய், எவ்வளவு செலவு?

கேள்வி: தொண்டியில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. பிள்ளைகள் லாப்ரடார் குட்டி கேட்கிறார்கள். அந்த இனத்துக்கு என்னென்ன நோய் வரும்? வைத்தியச் செலவு தாங்குமா?

பதில்: தடுப்பூசிச் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 6-8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, மூன்று நான்கு வார இடைவெளியில் கூட்டுத் தடுப்பூசி. 12 வாரம் ஆனதும் ரேபிஸ் ஊசி. தனியார் கிளினிக்கில் கூட்டு ஊசி ஒன்றுக்கு ஏறக்குறைய 500 முதல் 1,000 ரூபாய். செலவில் கையைக் கடிப்பவை உண்ணி, காது, எடை மூன்றும்தான்.

நம் வெக்கையில் உண்ணி இல்லாத மாதம் கிடையாது. நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பில் ஒளிந்திருப்பவை அதிகம். அதனால் பிடுங்கிப் போட்டுத் தீராது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஈறு வெளுக்கும். அடிவயிற்றில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். எர்லிக்கியா என்ற, உண்ணி பரப்பும் கிருமிதான் என்று உறுதியானால் மருத்துவர் வழக்கமாக எழுதுவது டாக்சிசைக்ளின், கிலோவுக்குத் தினமும் 10 மி.கி., 28 நாள். 30 கிலோ நாய்க்கு 100 மி.கி. மாத்திரை மொத்தம் 84. மாத்திரை விலை பெரிதில்லை. நாலாம் நாள் தெம்பு வந்ததும் வளர்ப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சல் திரும்புகிறது. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ட்ரிப்ஸ், ரத்தம் ஏற்றுவது என்று பணம் கரைகிறது. உண்ணித் தடுப்பு மாத்திரைக்கும் எடைக்கேற்ற விலை. வருடம் முழுக்க அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் நிற்காது. தொங்கு காதுக்குள் ஈரம் தங்கினால் பழுப்பு அழுக்கும் நாற்றமும் வரும், தலையை உதறிக்கொண்டே இருக்கும். கடலில் குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பட்ஸ், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தாகத்துக்குக் கடல் நீரைக் குடித்தால் வாந்தி பேதியாகும். கூடவே குடிநீர் கொண்டுபோங்கள்.

இடுப்பு மூட்டுத் தேய்மானம் இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. குட்டி வாங்குமுன் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பின்னால் மூட்டு வைத்தியத்துக்கு மதுரைக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போக நேரலாம். 30 கிலோ நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, கார் வாடகையும் சேரும். 2002ல் வெளியான ஆய்வு ஒன்றில், கூடப் பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட லாப்ரடார்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தொந்தரவும் தள்ளிப்போனது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். நாய் சோறு கேட்டு இரந்து பார்க்கும், மனமிரங்காதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். மூச்சிரைத்துத் தள்ளாடினால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி மின்விசிறியடியில் கிடத்துங்கள். ஈரத் துணியால் போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இந்தக் கரையில் எல்லாவற்றையும்விட நாங்கள் பயப்படுவது பந்துபோல் உப்பும் விஷ மீனான பேத்தைக்குத்தான். வலையிலிருந்து கழித்துப் போட்டதை லாப்ரடார் ஒரே வாயில் விழுங்கிவிடும். காய்ந்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது, மாற்று மருந்தும் இல்லை. வலை உதறும் இடத்தில் சங்கிலியைக் கழற்றாதீர்கள். தின்றது தெரிந்தால், கால் தடுமாறும்வரை காத்திருக்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், மிச்ச மீனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.