கண்ணாடிப் பனியில் புரதம்: கிரிட் உறையவைப்பது பற்றிக் கேள்வி பதில்

(கிரிட் என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் புரதக் கரைசலை ஏந்தும் சிறு உலோக வலை. அதை நொடியில் உறையவைப்பது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவை இவை.)

கிளமெண்டி மாணவர்: அக்கா, திரவ நைட்ரஜன்தான் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறதே. கிரிட்டை நேராக அதிலேயே முக்கினால் என்ன? நடுவில் நைட்ரஜனால் குளிர்வித்த திரவ ஈத்தேன் எதற்கு?

பதில்: மைனஸ் 196 அதன் கொதிநிலை, தம்பி. கிரிட் பட்டதுமே நைட்ரஜன் கொதித்து, ஆவிப் போர்வையாகச் சுற்றிக்கொள்ளும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் துள்ளி ஓடுகிறதே, அந்தக் கதைதான். வெப்பம் மெதுவாக இறங்க, நீர் படிகமாகிப் புரதத்தைச் சிதைக்கும். ஈத்தேன் உறைவது மைனஸ் 183-இல், கொதிப்பது மைனஸ் 89-இல். உறைநிலையை ஒட்டி வைத்தால் அவ்வளவு எளிதில் கொதிக்காது. நொடிக்குப் பத்தாயிரம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் குளிர்வதால், நீர் மூலக்கூறுகள் வரிசைகட்ட நேரமின்றிக் கண்ணாடியாக நின்றுவிடும். இந்த வழியை 1980-களில் வகுத்தது ஜாக் டுபோஷே குழு. 2017 வேதியியல் நோபலில் அவருக்கும் பங்குண்டு.

அதே மாணவர்: ஈத்தேன் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடுகிறதே?

பதில்: சுற்றிலும் நைட்ரஜன் இருந்தால் ஆகத்தான் செய்யும். ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டும்போது முக்கிவிடுங்கள். முழுதாக உறைந்தால் அறை வெப்பத்திலுள்ள உலோகக் கம்பியால் தொட்டு இளக்கலாம். 37 பங்கு ஈத்தேனோடு 63 பங்கு புரொப்பேன் கலந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டும் தீப்பிடிக்கும் வாயுக்கள், மறக்கவேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்: தொடக்க அளவுகள் சொல்லுங்கள்.

பதில்: கரைசல் 3 மைக்ரோலிட்டர், உறையவைக்கும் கருவியின் உள்ளறை 4 டிகிரி, அதனுள் ஈரப்பதம் 100 விழுக்காடு, மிகுதிக் கரைசலை ஒற்றுத்தாளால் உறிஞ்ச 3 முதல் 4 நொடி. பனி 20 முதல் 50 நானோமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. கிளிசரால் நிறைய இருந்தால் புரதம் பின்னணியோடு கரைந்து தெரியாமல் போகும்.

உட்லண்ட்ஸ் ஆய்வக உதவியாளர்: படமெங்கும் கறுப்புத் திட்டுகள். உறையவைத்ததில் பிழையா?

பதில்: பெரும்பாலும் அதற்குப் பிறகு நடந்த பிழை. நம் ஊர்க் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். திறந்து வைத்த நைட்ரஜனில் காற்றின் ஈரம் பனித்தூளாக விழுந்து, கிரிட்டில் ஒட்டும். கலங்கிய நைட்ரஜனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மூடி எப்போதும் மேலே இருக்கட்டும். குளிர்ந்த இடுக்கியை வெளியே எடுத்தால் மறுபடி நுழைக்குமுன் சூடுகாட்டி உலர்த்துங்கள். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முகக்கவசம் போடுங்கள், பேச்சுமூச்சிலும் நீர் உண்டு. அறையில் ஈரநீக்கி ஓடட்டும்.

கறுப்புத் திட்டுகள் இல்லாமல், பின்னணி முழுவதுமே படிகமாகத் தெரிந்தால் காரணம் வேறு: ஒன்று மெதுவாகக் குளிர்ந்திருக்கும், அல்லது கிரிட்டை இடம் மாற்றும்போது மைனஸ் 140-ஐத் தாண்டிச் சூடேறியிருக்கும். அந்தக் கிரிட்டை மீட்க முடியாது, தூக்கிப்போடுங்கள்.

பிடோக்: திசுத்துண்டையும் இப்படியே முக்கலாமா?

பதில்: கூடாது. மேற்பரப்பு மட்டும் கண்ணாடியாகும், உள்ளே படிகம்தான். சுமார் 2,100 பார் அழுத்தத்தில் உறையவைத்தால் 200 மைக்ரான் வரை சமாளிக்கலாம். பிறகு அயனிக்கற்றையால் 200 நானோமீட்டருக்குள் சீவ வேண்டும்.

உட்லண்ட்ஸ்: நைட்ரஜன் குடுவையோடு லிப்டில் ஏறலாமா?

பதில்: ஏறாதீர்கள். 1 லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. லிப்ட் நின்றுபோனால் ஆக்ஸிஜன் குறைவது மூக்குக்குத் தெரியாது. குடுவையை மட்டும் அனுப்பி, மேல்தளத்தில் ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும். இடைத்தளத்தில் யாரும் ஏறாதபடி அறிவிப்பும் தொங்கவிடுங்கள்.