சாவி யார் கையில்?

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை எருசலேமுக்கு அழைத்துப் போயிருந்தேன். அது அவருடைய வாழ்நாள் ஆசை. திருக்கல்லறைக் கோயிலின் வாசலைத் தினமும் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் வந்துதான் திறக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. உள்ளே போனால் இரண்டு சபைத் துறவிகள் ஒரு படியைக் கூட்டுவது பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சந்துக்குச் சந்து துப்பாக்கி. "ஆண்டவர் நடந்த ஊரா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று மதங்கள் ஒரே ஊரைச் சொந்தம் கொண்டாடுவதால்தானே இவ்வளவு ரத்தம்? யாராவது ஒருவர் கையில் முழுசாக இருந்திருந்தால் அந்த ஊர் நிம்மதியாக இருந்திருக்குமா?

எம்., தூத்துக்குடி

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஊர் ஒருவர் கையில் முழுசாக இருந்த காலங்கள் உண்டு. அதன் வரலாற்றிலேயே என்னால் படிக்க முடியாமல் மூடி வைத்த பக்கங்கள் அவைதான்.

கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை யூதர்களின் இரண்டாம் ஆலயத்தை எரித்தது. 132-ல் யூதர்கள் மறுபடி எழுந்தார்கள். 135-ல் அந்தக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு யூதர்கள் அங்கே காலடி வைக்கவே தடை. ஊரின் பெயரும் போயிற்று. பேரரசர் ஹாட்ரியன் சூட்டிய பெயர் ஏலியா காப்பிடோலினா. பிறகு கான்ஸ்டன்டைன் காலத்தில் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியது. இயேசுவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தில் திருக்கல்லறைக் கோயில் எழும்பி 335-ல் அர்ச்சிக்கப்பட்டது. தடை மட்டும் நீங்கவில்லை. 333-ல் இன்றைய பிரான்ஸின் போர்தோவிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ யாத்திரிகர் தான் கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். இடிந்த ஆலயத் திடலில் துளையுள்ள ஒரு கல் இருந்ததாம். ஆண்டுதோறும் யூதர்கள் வந்து அதற்கு எண்ணெய் பூசி, புலம்பி, உடையைக் கிழித்துக்கொண்டு திரும்பிப் போவார்களாம். சொந்த ஊருக்கு அழுவதற்காக மட்டும் வந்து போவது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

614-ல் பாரசீகர்கள் ஊரைப் பிடித்தபோது வெட்டுப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள். திருச்சிலுவையும் கொள்ளை போனது. அதை மீட்டுக் கொண்டுவந்த பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ், யூதர்களை மறுபடி வெளியேற்றினார். 1099 ஜூலை 15 அன்று சிலுவைப் போர்வீரர்கள் மதிலேறி உள்ளே நுழைந்தார்கள். முஸ்லிம்களையும் யூதர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பியவர்களைப் பணம் கொடுத்து மீட்க கடலோர நகரமான அஸ்கலோனின் யூதர்கள் எழுதிய கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் கிடைத்திருக்கின்றன. கைதிகளோடு சேர்த்து, கொள்ளை போன வேத நூல்களையும் விலை கொடுத்து மீட்டிருக்கிறார்கள். பழைய ஆலயத் திடலில் முஸ்லிம்கள் கட்டியிருந்த பாறைக் குவிமாடம் தேவாலயமானது. அதே திடலில் இருந்த அக்ஸா பள்ளிவாசல் முதலில் அரண்மனையாகவும் பிறகு டெம்ப்ளர் என்ற துறவி வீரர்களின் தலைமையிடமாகவும் ஆனது. மற்ற இரண்டு மதத்தாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். நீங்கள் கேட்ட 'முழுசாக ஒருவர் கை' இதுதான். ஊர் பாதி காலியாகி, ஆட்களைக் கூட்டிவந்து குடியேற்ற வேண்டியதாயிற்று.

இனி நான் சொல்ல ஆசைப்படும் பகுதி. 638 வாக்கில் கலீஃபா உமரிடம் எருசலேம் பணிந்தது. ஊரை ஒப்படைத்தவர் பேராயர் சொஃப்ரோனியஸ். உமர் திருக்கல்லறைக் கோயிலில் இருந்தபோது தொழுகை நேரம் வந்ததாம். உள்ளேயே தொழலாம் என்று பேராயர் சொல்லியும் கேட்காமல், வெளியே வாசற்படியில் தனியாகத் தொழுதாராம். தான் உள்ளே தொழுதால் பின்னால் வருபவர்கள் அதையே காரணம் காட்டிக் கோயிலைப் பறித்துக்கொள்வார்கள் என்று விளக்கமும் சொன்னாராம். இதை எழுதி வைத்தவர் முஸ்லிம் அல்ல. சுமார் முந்நூறு ஆண்டு கழித்து அலெக்சாந்திரியாவில் பேராயராக இருந்த யூதிகியுஸ். நடந்தது இம்மி பிசகாமல் இப்படித்தானா என்று அறிஞர்கள் வாதிடலாம். முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் தலைவர் இந்தக் கதையைக் கைவிடாமல் காப்பாற்றினார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஆள்பவர் காதில் அது விழுந்துகொண்டே இருக்கவேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். யூதர்கள் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுக்குப் பின் அங்கே மறுபடி வீடு வாசலோடு குடியேறியதும் இந்த ஆட்சியில்தான்.

எல்லா முஸ்லிம் அரசர்களும் உமர் வழி நடந்தார்கள் என்று சொல்லமாட்டேன். 1009-ல் எகிப்திலிருந்து ஆண்ட ஃபாத்திமி கலீஃபா அல்ஹாகிம் அந்தக் கோயிலையே இடிக்கச் செய்தார். பிறகுதான் அது மறுபடி எழும்பியது.

ஆனால் முன்னவர் செய்தது பின்னவர் கையைப் பிடித்து நிறுத்தியதும் உண்டு. 1187 அக்டோபரில் சுல்தான் சலாஹுதீன் சிலுவைப் படையினரிடமிருந்து ஊரை மீட்டபோது, கோயிலை இடித்துவிட்டால் ஐரோப்பாவிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று அவரிடம் யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். உமரே விட்டுவைத்ததை நாம் தொடுவதா என்ற பேச்சுதான் கடைசியில் வென்றது. அவருடைய எழுத்தரே இதைப் பதிவு செய்திருக்கிறார். 1099-க்குப் பழிவாங்கும் படுகொலை நடக்கவில்லை. மீட்புப் பணம் கட்டியவர்கள் வெளியேறினார்கள். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் போனார்கள், அதையும் மறைக்கக் கூடாது. சிலுவைப் படையினர் விரட்டிய யூதர்கள் திரும்பி வந்தார்கள்.

1229-ல் இன்னொன்று நடந்தது. ஐரோப்பாவின் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கும் எகிப்தின் சுல்தான் அல்காமிலும் சண்டையே போடாமல் பேசி முடித்தார்கள்: ஊர் பத்து ஆண்டுக்குக் கிறிஸ்தவர்களிடம், அக்ஸா வளாகம் முஸ்லிம்களிடம். இரண்டு பக்கத்திலும் சொந்த மக்களே இருவரையும் சபித்தார்கள். ஒரு உயிர்கூடப் போகாமல் கிடைத்த ஊரை யாரும் கொண்டாடவில்லை என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

படியைக் கூட்டும் சண்டைக்கு வருகிறேன். அம்மா அதைக் கேவலமாக நினைத்திருப்பார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரே இரண்டுபட்டதைப் பார்த்த நமக்கு அது புரியாத சங்கதி அல்ல. அந்தக் கோயிலில் ஆறு சபைகள்: கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர். யாருக்கு எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த நேரம் என்ற பழைய வழக்கத்தை உள்ளபடியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒட்டோமான் சுல்தான் 1852-ல் ஆணையிட்டார். அந்த வழக்கப்படி ஒரு இடத்தைக் கூட்டுகிறவர், பழுதுபார்க்கிறவர், அந்த இடத்துக்கு உரிமை உள்ளவர். துடைப்பம் அங்கே பட்டா மாதிரி. 1901-ல் முற்றத்துக் கடைசிப் படியைக் கூட்டும் தகராறில் துறவிகள் காயம்பட்டார்கள். வாசலுக்கு மேலே ஜன்னலடியில் ஒரு மர ஏணி சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1728-ம் ஆண்டின் சித்திரத்திலேயே அது இருக்கிறது. எடுத்தால் யார் எடுத்தது என்ற கேள்வி வரும். அதனால் அங்கேயே இருக்கிறது.

இதே பிடிவாதத்தால் கல்லறை மண்டபம் பழுதுபார்க்கப்படாமலே கிடந்தது. 1927 பூகம்பத்துக்குப் பிறகு அது மேலும் தளர்ந்தது. சபைகள் ஒத்துப்போகாததால் 1947-ல் ஆங்கிலேய நிர்வாகம் இரும்புச் சட்டங்களைப் போட்டு முட்டுக் கொடுத்தது. எழுபது ஆண்டு அந்த முட்டிலேயே நின்றது. கடைசியில் கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர் மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நிபுணர்கள் 2016-ல் தொடங்கி 2017 மார்ச்சில் வேலையை முடித்தார்கள். செலவுக்குப் பங்கு கொடுத்தவர்களில் ஜோர்டானின் முஸ்லிம் மன்னர் அப்துல்லாவும் ஒருவர்.

துப்பாக்கிகளைப் பற்றி. 1948 போருக்குப் பின் பழைய நகரம் ஜோர்டான் வசம் இருந்தது. யூதக் குடியிருப்பு காலி செய்யப்பட்டது, தொழுகைக்கூடங்கள் இடிக்கப்பட்டன, பழைய ஆலயத் திடலின் எஞ்சிய மேற்குச் சுவர்ப் பக்கம் பத்தொன்பது ஆண்டுகள் யூதர்கள் போக முடியவில்லை. போர்நிறுத்த உடன்படிக்கையில் வழி விடுவதாக எழுதியிருந்தும் இதுதான் நிலை. 1967-ல் இஸ்ரேல் நகரைப் பிடித்த சில நாட்களுக்குள், அதே சுவருக்கு முன்னால் திடல் அமைக்க மொராக்கோக் குடியிருப்பை ஓர் இரவில் தரைமட்டமாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். சலாஹுதீனின் மகன் அல்அஃப்தல் 1193 வாக்கில் வடமேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் யாத்திரிகர்களுக்காக எழுதிவைத்த வக்ஃப் நிலம் அது. சுவரில் நெற்றி வைத்து அழுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு இளகுகிறது. அவர்கள் நிற்கும் தரையில் ஒரு பாட்டி சமைத்துக்கொண்டிருந்தாள் என்பதும் அதே கணம் நினைவுக்கு வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள் என்று யார் சொன்னாலும் என்னால் முடியாது. பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அக்ஸா வளாகத்தில் ஒரு வழக்கம் சற்றே மாறினாலும் ஊர் முழுவதும் பற்றிக்கொள்வது அதனால்தான்.

அம்மாவின் வருத்தத்துக்கு வருகிறேன். ஆறு சபைகளில் எதன் கையில் சாவி இருந்தாலும் மற்ற ஐந்துக்கும் உறக்கம் வராது. அதனால்தான் அது ஜூதா என்ற முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறக்கும் பொறுப்பு நுசைபா என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. பல நூற்றாண்டுகளாக வழிவழியாக வருகிற வேலை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: அந்தக் கதவில் இரண்டு பூட்டுகள், ஒன்று கைக்கு எட்டாத உயரத்தில். விடியுமுன் நுசைபா குடும்பத்தவர் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். இரவெல்லாம் உள்ளேயே இருந்த துறவி, கதவிலுள்ள சிறு திறப்பு வழியாக ஒரு ஏணியை வெளியே நீட்டுவார். இவர் அதில் ஏறி மேல் பூட்டைத் திறப்பார். யாத்திரிகர்கள் பலர் விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.