கூம்பாகும் கருவிழி: லேசர், கிராஸ் லிங்க்கிங் பற்றிய கேள்வி பதில்

கருவிழி (கார்னியா) பிரிவில் தினமும் டோப்போகிராபி, அதாவது கருவிழியின் மேடுபள்ள வரைபடம், எடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதகர்) நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: தம்பிக்கு 19 வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் மாறுகிறது. ஆரம்பநிலை கெரட்டோகோனஸ் என்கிறார்கள். லேசிக் செய்துவிடலாமா?

கூடவே கூடாது. கருவிழி வலுவிழந்து, மெலிந்து, கூம்பாகப் புடைப்பதுதான் இந்த நோய். லேசிக், பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை; அதில் கருவிழியில் மடல்போல் வெட்டி, அடியில் இருக்கும் திசுவையும் குறைப்பார்கள். புடைப்பு இன்னும் வேகம் பிடிக்கும். இந்த வயதில் பவர் இப்படி ஓடினால், கருவிழியை இறுக்கி வலுவூட்டும் கிராஸ் லிங்க்கிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: அப்படியென்றால் லேசரையும் கிராஸ் லிங்க்கிங்கையும் ஒரே நாளில் செய்கிறார்களே, எப்படி?

அது லேசிக் இல்லை, மடல் வெட்டாமல் கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசர் செலுத்தும் பிஆர்கே. ஏதென்ஸில் டாக்டர் ஜான் கனெல்லோபூலோஸ் வகுத்ததால் 'ஏதென்ஸ் புரோட்டோகால்' என்று பெயர். முதலில் கருவிழியின் மேல்தோலை, சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), லேசராலேயே நீக்குவார்கள். பிறகு டோப்போகிராபி வரைபடத்தைப் பார்த்து மேடுபள்ளத்தை நிரவுவார்கள். இந்த நிரவலில் எடுக்கும் திசு 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது. கண்டிப்பாகக் காக்க வேண்டிய எல்லை அது.

அடுத்தது வலுவூட்டல், அதாவது கிராஸ் லிங்க்கிங். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவாகி, 2003இல் முதல் சிகிச்சை முடிவுகள் வெளியான முறை. ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, சொட்டு சொட்டாக விடுவார்கள். நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழி முழுக்கப் பச்சையாக ஒளிரும். மருந்து உள்ளே ஊறிவிட்டது என்று அதை வைத்துத்தான் உறுதி செய்வார்கள். பிறகு புற ஊதா ஒளி. பழைய முறையில் அரை மணி நேரம்; ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைப்பதும் இப்போது உண்டு. கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் உண்டாகி கருவிழி இறுகும்.

மேல்தோல் போன பிறகு 400 மைக்ரான் கனமாவது மிஞ்ச வேண்டும் என்பது டிரெஸ்டன் கணக்கு. அதனால்தான் இது ஆரம்பநிலைக்காரர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கருவிழி மெலிந்துவிட்டால் லேசருக்கு எடுக்க எதுவும் இருக்காது.

கே: அப்புறம் கண்ணாடியே வேண்டாம்தானே?

அந்த எண்ணத்தோடு வராதீர்கள். தெருவிளக்குக்கு வால் முளைத்ததுபோலவும், நிலா இரண்டு மூன்றாகவும் தெரியுமே, அந்தக் கோணல் குறையும். கண்ணாடி போட்டால் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய லாபம்.

கே: வலிக்குமா?

செய்யும்போது தெரியாது, சொட்டு மருந்திலேயே மரத்துவிடும். அன்று இரவும் மறுநாளும் வலி, கூச்சம், கண்ணீர் இருக்கும். மேல்தோல் வளரும்வரை நாலைந்து நாள் பேண்டேஜ் லென்ஸ், அதாவது புண்ணை மூடிக் காக்கும் மெல்லிய லென்ஸ், இருக்கும். பார்வை நிலைக்கச் சில மாதம் ஆகும். கருவிழியில் மங்கல் படியலாம், அரிதாகத் தொற்றும் வரலாம். வலி திடீரெனக் கூடினால் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் ஓடிவாருங்கள்.

கே: எனக்கும் கெரட்டோகோனஸ், வயது 38. பல வருடமாக டோப்போகிராபி படத்தில் மாற்றமே இல்லை. சிகிச்சை வேண்டுமா?

அவசரமில்லை. ஆர்ஜிபி (காற்றை ஊடுருவவிடும் கடின லென்ஸ்) அல்லது ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் தாங்கி நிற்கும் பெரிய லென்ஸ்) போட்டுப் பாருங்கள். வருடம் ஒருமுறை படம் போதும்.

கே: மகள் எப்போதும் கண்ணைக் கசக்குகிறாள்.

இதை முதலில் நிறுத்துங்கள். விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது நோயை முற்ற வைக்கும். சிகிச்சை முடிந்த கண்ணுக்கும் ஆகாது. 'தேய்க்காதே' என்று அதட்டினால் மட்டும் நிற்காது. அலர்ஜிக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்குங்கள். அரிக்கும்போது ஈரத்துணியை மூடிய இமைமேல் வையுங்கள். ஒருமுறை டோப்போகிராபியும் எடுத்துவிடுங்கள். லென்ஸ் போடுபவளாக இருந்தால் படம் எடுக்க எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.