வானியலுக்குப் போக கணினிப் பட்டத்தை விட வேண்டியதில்லை

மகள் மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் படிக்கிறாள், இப்போது வானியல்தான் வேண்டும் என்கிறாள், பெரியப்பாவோ கடன் வாங்கியாவது வெளிநாட்டில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. பெரியப்பாவின் யோசனை நியாயமானதல்ல. விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கினால், அதை அடைக்கவே பிடிக்காத வேலையில் பல வருடம் கிடக்க வேண்டும். அந்தக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளும் அவசரப்பட வேண்டாம். பட்டத்தை முடிக்கட்டும். பிஎச்.டி. வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல் நான்கிலும் அவளுக்கு இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டும். உதவித்தொகை தராத பிஎச்.டி. இடம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத வழி தொலைநோக்கிகளின் தரவு மென்பொருள். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல். ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட் தரவு வரும். ஒவ்வொரு படத்திலும் சென்சாரின் குறைகளைச் சரிசெய்து, காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் துகள்) விட்ட கீறல்களை நீக்கி, பழைய படத்தைக் கழித்து, வானில் எது மாறியது என்று ஒரு நிமிடத்துக்குள் அறிவிப்பது அவர்கள் இலக்கு. இதைச் செய்யும் நிரல் பைத்தானிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் எழுதப்பட்டது. யாரும் திறந்து படிக்கலாம். இங்கே அவளுடைய பட்டம்தான் நுழைவுச்சீட்டு.

ஆசை உண்மையா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய கையா விண்கலத்தின் 2022 வெளியீட்டில் சுமார் 180 கோடி விண்மீன்களின் தரவு இலவசம். தரவுத்தளத்தில் தேடும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்தால் எடுத்துவிடலாம். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சுற்றி 2 பாகை ஆரத்தில், இடமாறு (தூரத்தைக் காட்டும் மிகச் சிறிய கோணம்) 6.8 முதல் 8 மில்லி ஆர்க்நொடி வரை உள்ளவற்றை எடுத்து, நிறத்துக்கு எதிராக ஒளிர்வை வரையட்டும். முதல் முறை படம் சிதறும். பின்னணி விண்மீன்கள் கலந்திருக்கும். கூட்டத்தின் விண்மீன்கள் ஒரே திசையில் நகர்பவை. அந்த நகர்வை வைத்து வடிகட்டினால் ஒரு மெல்லிய கோடு தெளியும். உற்றுப் பார்த்தால் அதற்கு 0.75 மேக்னிட்யூட் (ஒளிர்வின் அளவு) மேலே மங்கலாக இன்னொரு கோடு. அவை பிரித்துப் பார்க்க முடியாத இரட்டை விண்மீன்கள். இரண்டு சமமான விண்மீன்களின் ஒளி சேர்ந்து ஒன்றாகத் தெரிகிறது.

இந்த விடையை அவளிடம் சொல்லாதீர்கள். அந்த இரண்டாவது கோடு ஏன் என்று தானாகவே துருவினால், இயற்பியல் புத்தகங்களோடு பிஎச்.டி. பக்கம் போகட்டும். நிரலை வேகமாக்குவதில்தான் மனம் போகிறதென்றால், மென்பொருள் பக்கம். நான்கு மாதத்தில் தொடவே இல்லையென்றால், அவளுக்குப் பிடித்தது விண்வெளிப் படங்கள்தான், வேலை அல்ல. அதையும் அவள் வாயாலேயே சொல்லட்டும். அந்த நான்கு மாதமும் பெரியப்பாவுக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.